எலிக்கும் இலக்குத் தாளுக்கும் ஒரே காற்றுத் துப்பாக்கியா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, ஆனைமலைக்கு அருகே எங்களுக்குத் தென்னந்தோப்பும் தோப்புக்குள்ளேயே வீடும் இருக்கின்றன. தீவன அறையிலும் மாட்டுத் தொழுவத்திலும் எலியும் பெருச்சாளியும் பெருகிவிட்டன. மரத்தின் மேலே குரும்பைகளையும் எலி துளைத்துத் தள்ளுகிறது. ஒரு காற்றுத் துப்பாக்கி வாங்கினால் எலியைக் கட்டுப்படுத்தலாம், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகளும் குறி பார்த்துச் சுடப் பழகலாம் என்று நினைக்கிறேன். கடைக்காரர் வேகம் அதிகமுள்ள துப்பாக்கியைக் காட்டுகிறார். நண்பர் ஒருவர் 0.22 அளவுதான் எலிக்குச் சரி என்கிறார். எதை வாங்குவது? காய்கறிப் பாத்தியைக் கிளறும் மயில்களை விரட்டவும் அது உதவுமா?
– ஒரு வாசகர், ஆனைமலை

பதில்: மயிலில் இருந்தே தொடங்குகிறேன். மயில், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள பறவை. அதைக் கொன்றால்தான் குற்றம் என்பதில்லை. காயப்படுத்துவதையும் சட்டம் வேட்டை என்றே கொள்கிறது. தண்டனை மூன்று ஆண்டுக்குக் குறையாத சிறை. ஏழு ஆண்டு வரை போகலாம். “மேலே படாமல் பக்கத்தில் சுட்டு விரட்டுகிறேன்” என்று சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுட்ட குண்டு இறகுக்குள் தங்கி, பறவை பல நாள் கழித்து வேறொருவர் வேலியோரம் செத்துக் கிடப்பதும் உண்டு. மயிலுக்கு வலையும் வேலியும்தான் வழி. காக்கையும் பழந்தின்னி வௌவாலும் தொல்லைப் பிராணிகள் பட்டியலில் இருக்கின்றனவே என்று பழைய நினைவில் சிலர் சொல்வார்கள். அந்தப் பட்டியலே 2022-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கப்பட்டுவிட்டது. காற்றுத் துப்பாக்கி பறவைகளுக்கு எத்தகைய எமன் என்பதை அருணாசலப் பிரதேசம் பட்டறிந்தது: 2021 மார்ச்சில் அந்த மாநில அரசே காற்றுத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொல்லி ஓர் இயக்கம் தொடங்க, கிராம மக்கள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். உங்கள் தோப்பு புலிகள் காப்பகத்தின் பக்கத்தில் இருப்பதால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். துப்பாக்கியைத் தோப்பு எல்லைக்கு வெளியே, காட்டுப் பக்கம், எந்தக் காரணத்துக்காகவும் கொண்டுபோக வேண்டாம்.

இனி நண்பரின் யோசனை. 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழலின் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கு (அதாவது 0.177 அங்குலத்துக்கு) மேற்படாமலும், குழல்வாயில் குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு மேற்படாமலும் உள்ள காற்றுத் துப்பாக்கிக்குத்தான் உரிமம் வேண்டியதில்லை. 0.22 என்பது 5.5 மில்லிமீட்டர், ஆற்றல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அதற்கு உரிமம் வேண்டும். எனவே உங்களுக்கு 0.177 தான். அது எலிக்குப் போதாதோ என்ற கவலை வேண்டாம். இங்கிலாந்தில் உரிமம் இல்லாமல் வைத்துக்கொள்ளக்கூடிய காற்று ரைபிளின் உச்ச ஆற்றலே 16 ஜூலுக்குச் சற்றுக் கூடுதல்; பண்ணை எலிகளை அங்கே அதை வைத்துத்தான் காலங்காலமாகக் கட்டுப்படுத்துகிறார்கள். வாங்கும்போது அடையாளச் சான்றும் முகவரிச் சான்றும் கொடுத்து, துப்பாக்கியின் எண் குறிக்கப்பட்ட ரசீதைக் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

கடைக்காரர் காட்டும் வேகத்தைப் பற்றி. பெட்டியின் மேல் விநாடிக்கு 1000 அடி என்று அச்சிட்டிருப்பார்கள். சாதாரண ஈயக்குண்டின் (பெல்லட்டின்) எடை ஏறக்குறைய அரை கிராம். அது உண்மையிலேயே அந்த வேகத்தில் போனால் ஆற்றல் 24 ஜூலைத் தொடும். உரிமம் இல்லாமல் விற்கவே முடியாது. அந்த எண் பெரும்பாலும் எடை குறைந்த கலப்பு உலோகக் குண்டை வைத்து அளந்தது. மேலும், ஒலியின் வேகத்தை நெருங்கும் பெல்லட் காற்றில் தடுமாறிக் குறி சிதறும். வெடிச் சத்தமும் கூடும். வேகத்தை விற்கிறார்கள், நமக்குத் தேவையோ ஒரே துளையில் அடுத்த குண்டும் விழுவது. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா ஒலிம்பிக் தங்கம் வென்றதும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019-இல் உலகக் கோப்பைத் தங்கம் வென்றதும் ஏழெட்டு ஜூல் ஆற்றலே உள்ள 10 மீட்டர் பந்தயத் துப்பாக்கியால்தான். அங்கே இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர் அளவு மட்டுமே.

ஆகவே என் யோசனை இதுதான்: தாளைச் சுடுவதற்கு ஏற்ற துப்பாக்கியாகப் பார்த்து வாங்குங்கள். தாளில் நம்பிக்கையாகச் சுடும் துப்பாக்கி, பத்துப் பதினைந்து மீட்டரில் எலிக்கும் தாராளமாகப் போதும். எலிக்கென்று முரட்டுத் துப்பாக்கியாக வாங்கினால் மகளால் அதை வைத்துப் பழக முடியாது. உங்களுக்கும் குறி நிற்காது. 10 முதல் 14 ஜூல் வரை உள்ள, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் வகை உங்களுக்குப் பொருந்தும். இந்தியத் தயாரிப்புகளிலேயே நல்லவை கிடைக்கின்றன. கலனில் அழுத்தக் காற்றை அடைத்து வைக்கும் பி.சி.பி. வகை உதைக்காது, குறியும் அருமையாக நிற்கும்; ஆனால் 200 பார் அழுத்தத்துக்குக் காற்றேற்றத் தனிப் பம்பு வேண்டும், செலவும் கூடும். ஒரு வருடம் பழகி, மகள் போட்டிக்குப் போகும் நிலை வந்த பிறகு அதை யோசிக்கலாம். கரியமில வாயுக் குப்பியில் இயங்குவது, வெயில் ஏறி இறங்கும்போதெல்லாம் வேகம் மாறுவதால், நம் ஊருக்கு ஏற்றதல்ல.

கடைக்கு மகளையும் அழைத்துச் செல்லுங்கள். மூன்று கிலோவுக்கு மேல் எடையுள்ள துப்பாக்கியைத் தோளில் வைத்து ஒரு நிமிடம் கை நடுங்காமல் பிடிக்க முடிகிறதா, குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்ற முடிகிறதா என்று அவளே செய்து பார்க்கட்டும். ஒன்றை அங்கேயே கற்றுக்கொடுங்கள்: குழல் மடங்கிய நிலையில் பெல்லட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பொருத்தும்போது, மற்றொரு கை குழலின் நுனியை இறுகப் பற்றியே இருக்க வேண்டும். அந்த நேரத்தில் விசை தவறி விடுபட்டால் குழல் கத்திபோல் மேலே பாயும். பெல்லட்டை அழுத்தும் விரல் நசுங்கிவிடும். பெல்லட்டின் அடிப்பாவாடை (விரிந்த பின்பகுதி) குழலின் விளிம்புக்குச் சமமாக உள்ளே இறங்கிவிட்டதா என்று விரல் நுனியால் தடவிப் பார்த்த பிறகே குழலை மூட வேண்டும். அவள் சுடும் நேரமெல்லாம் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் துப்பாக்கி பூட்டின் கீழ் இருக்க வேண்டும்.

எலியைச் சுடுவதற்கு முன் உங்களுக்கு நீங்களே ஒரு தேர்வு வைத்துக்கொள்ளுங்கள். தாளில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து வட்டம் வரைந்து, எந்தத் தூரத்தில் இருந்து எலியைச் சுடப் போகிறீர்களோ அந்தத் தூரத்தில் இருந்து பத்துக் குண்டு சுடுங்கள். பத்தும் வட்டத்துக்குள் விழுகிற நாள் வரை உயிர்மேல் குறி வைக்க வேண்டாம். எலியின் கண்ணுக்கும் காதுக்கும் இடையில் பட்டால் அது அந்தக் கணமே சாகும். வயிற்றில் பட்டால் பொந்துக்குள் போய் இரண்டு நாள் துடிக்கும். அந்தத் துன்பத்தை எந்த உயிருக்கும் கொடுக்க நமக்கு உரிமையில்லை. தீவன அறையில் மண் நிரப்பிய சாக்கு ஒன்றைச் சுவரோரம் நிறுத்தி, அதன் முன்னே வறுத்த நிலக்கடலையை அரைத்துத் தடவி வைத்து, எலி நின்று தின்னும்போது மட்டும் சுடுங்கள். ஓடுகிற எலியைச் சுட வேண்டாம். மாடு கட்டியிருக்கும் பக்கம் குழல் திரும்பவே கூடாது. நீண்ட கூர்மூக்கோடு கீச்சிட்டுச் சுவரை ஒட்டி ஓடுவது மூஞ்சூறு. அது பூச்சி தின்று நமக்கு நன்மை செய்கிறது. அவசரத்தில் அதை எலி என்று நினைத்துவிடாதீர்கள்.

குரும்பையைத் துளைக்கும் எலிக்குத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். மரத்தின் மேல் அண்ணாந்து சுடும் குண்டுக்குப் பின்னால் வானம்தான் இருக்கிறது. தவறிய பெல்லட் 300 மீட்டருக்கும் அப்பால் போய் யார் தலையில், யார் கண்ணில் விழும் என்று சொல்ல முடியாது. மரத்தில் சுமார் இரண்டு மீட்டர் உயரத்தில் 40 சென்டிமீட்டர் அகலத் தகரத்தைச் சுற்றி அடித்து, மட்டைகள் ஒன்றோடொன்று தொடும் மரங்களின் தலையைச் சீர்செய்தால் எலி ஏறும் வழி அடைபடும். ஒரு தோப்பு எலியைச் சுட்டுத் தீர்த்தவர் யாரும் இல்லை. எலி பெருகக் காரணம் தீவனம். மூடியுள்ள தகர டப்பாவில் தீவனத்தை மாற்றி, தஞ்சாவூர் கிட்டியோ கூண்டுப் பொறியோ வைத்த பிறகு மிஞ்சுகிற ஒன்றிரண்டுக்குத்தான் துப்பாக்கி. தோப்பில் கூகை குடியிருந்தால், எலி விஷம் வைப்பதற்கு முன் இருமுறை யோசியுங்கள். விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகும். இரவெல்லாம் உங்களுக்காக எலி பிடித்துக்கொண்டிருப்பது அதுதான்.

கேள்வி: மாடியில் எட்டு மீட்டர் நீளம் இடம் இருக்கிறது. பொழுதுபோக்காகத் தாளில் சுட ஆசை. சுற்றிலும் வீடுகள். குண்டை எதில் தடுத்து நிறுத்துவது?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: மரீனாவிலும் திருவிழாக்களிலும் பலூன் சுடும் கடையில் மரப்பலகையில் பட்ட குண்டு திரும்பித் தெறிப்பதைப் பார்த்திருப்பீர்கள். கெட்டிப் பலகை, செங்கல் சுவர், ரப்பர் டயர் மூன்றுமே குண்டைத் திருப்பி அனுப்பக்கூடியவை. அரையடி ஆழமுள்ள மரப்பெட்டியில் பழைய வார இதழ்களைச் சந்தில்லாமல் நெருக்கி அடுக்கி, அதன் முகத்தில் தாளை ஒட்டுங்கள். பெட்டிக்குப் பின்னால் மணல் மூட்டைகளை, பெட்டியைவிட இரண்டு மடங்கு அகலத்துக்கும் உயரத்துக்கும் அடுக்குங்கள். தவறும் குண்டு அதில் அடங்க வேண்டும். இதழ்கள் நடுவில் கிழிந்து குழிவிழும்போது மாற்றிவிடுங்கள். பெட்டியைத் தரையோடு வைத்து, நீங்கள் நின்றபடி சற்றே கீழ்நோக்கிச் சுடும்படி அமைத்துக்கொள்வது கைப்பிடிச் சுவருக்கு மேல் குண்டு போகாமல் காக்கும். மாடிப்படிக் கதவு உங்களுக்கு முன்னால் திறப்பதாக இருந்தால் அந்த இடமே வேண்டாம். சுட்டுக்கொண்டிருக்கும்போது யாராவது திறந்து உள்ளே வரலாம்.

தட்டைமுனைப் பெல்லட் தாளில் வட்டமாக வெட்டியதுபோல் துளையிடும். எண்ணிப் பார்க்க எளிது. உருண்டை எஃகுக் குண்டு எதில் பட்டாலும் தெறிக்கும், குழலின் உள்வரிகளையும் தேய்க்கும், அதை வாங்காதீர்கள். சுடுபவரும் பக்கத்தில் நிற்பவரும் கண்ணாடி அணிய வேண்டும். பெல்லட் ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்; சுடும் இடத்தில் முறுக்கும் காபியும் வேண்டாம். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. துப்பாக்கியோடு ஒருவர் மாடியில் நிற்பதைப் பார்த்தால் யாரும் பயப்படத்தான் செய்வார்கள்.

கேள்வி: புது ஸ்பிரிங் துப்பாக்கியில் ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) பொருத்தினேன். இரண்டு மாதத்தில் குறி அங்கும் இங்கும் போகிறது. துப்பாக்கி பழுதா?
– ஒரு வாசகர், திருச்சி

பதில்: பெரும்பாலும் துப்பாக்கியில் குறை இருக்காது. ஸ்பிரிங் துப்பாக்கி இரண்டு முறை உதைக்கிறது: உள்ளே காற்றை அழுத்தும் பிஸ்டன் முன்னே பாயும்போது பின்னுக்கும், அது போய் முட்டி நிற்கும்போது முன்னுக்கும். பெரிய வேட்டைத் துப்பாக்கிக்குச் செய்த ஸ்கோப்புகூட இந்த முன்னுதையைத் தாங்காமல் உள்ளே கழன்றுவிடும். ஸ்பிரிங் காற்றுத் துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப்பும், பின்னுக்கு நகராமல் தடுக்கும் முளையுள்ள பிடிப்பும் வேண்டும். முதலில் அடிக்கட்டைத் திருகுகளை இறுக்குங்கள். அதுவே பாதி வழக்கைத் தீர்த்துவிடும். பிறகு இறுகப் பிடிக்கும் பழக்கத்தை விடுங்கள். துப்பாக்கி உள்ளங்கையின் மேல் படுத்திருக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில். அது தன்போக்கில் உதைத்து அடங்கட்டும்.

கிட்டத்தில் குண்டு கீழே விழுகிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்கோப் குழலுக்கு மேலே சுமார் நான்கு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. இருபது மீட்டருக்குக் குறி சரிசெய்த துப்பாக்கி ஐந்து மீட்டரில் இரண்டு சென்டிமீட்டர் வரை கீழே சுடுவது இயல்பே. எந்தத் தூரத்தில் அதிகம் சுடுகிறீர்களோ அந்தத் தூரத்துக்கே சரிசெய்து வையுங்கள். நான்கைந்து வகைப் பெல்லட்டில் சிறு டப்பாக்கள் வாங்கிச் சோதித்துப் பார்த்து, உங்கள் குழலுக்கு ஒத்துவரும் ஒன்றிலேயே நில்லுங்கள். ஒரே மாடல் துப்பாக்கிகளுக்குள்ளேயே இது வேறுபடும்.

கேள்வி: வீட்டுக்கு வரும் நண்பர்கள் பெல்லட் போடாமல் வெறுமனே விசையை இழுத்துப் பார்க்கிறார்கள். கெடுதலா?
– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: கெடுதல்தான். குழலில் இருக்கும் பெல்லட்தான் காற்றை ஒரு கணம் தடுத்து பிஸ்டனுக்கு மெத்தையாகிறது. அது இல்லாவிட்டால் பிஸ்டன் நேராகப் போய் முட்டி, சீலும் ஸ்பிரிங்கும் கெடும். அதைவிட முக்கியமானது, காலி என்று நினைத்துத்தான் விபத்துகளில் பெரும்பாலானவை நடக்கின்றன. துப்பாக்கியைக் கையில் வாங்கும் யாரும் முதலில் குழலை மடக்கி உள்ளே பார்க்க வேண்டும்; பார்த்த பிறகும் அதை ஆள்மேல் திருப்பக்கூடாது.