அம்மா தனியாகப் போகும் ஃப்ளைட்

தங்கச்சி, டிசம்பர் கடைசியில் காலை 10 மணி ஃப்ளைட்டுக்கு ஹட்டனிலிருந்து 4 மணிக்குக் கிளம்பினால் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது. சிவனொளிபாதமலை யாத்திரை சீசன் வேறு, கினிகத்தேனைப் பக்கம் மூடுபனியில் வேனெல்லாம் ஊர்ந்துதான் போகும். முந்தின நாளே இறங்கி ஏர்போர்ட்டுக்குப் பக்கத்தில் நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள். கட்டுநாயக்க ஏர்போர்ட்டில் செக்-இன் கவுன்டருக்கு முன்னாலேயே பைகளை ஸ்கேன் பண்ணும் வரிசை ஒன்று இருக்கிறது, கூட்ட நாளில் நேரம் அங்கேதான் போகும், கவுன்டரோ பெரும்பாலும் புறப்பட 1 மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்றால் டிக்கெட் எடுத்த இடத்தில் 2 நாள் முன்பே வீல்சேர் சொல்லிவையுங்கள், வெட்கமே வேண்டாம், கூடவே ஆள் வருவதால் வழி தேடும் வேலையும் மிச்சம். அப்புறம் அம்மா கொண்டுபோகும் ஊறுகாய் போத்தல்: பெரிய பெட்டிக்குள்தான், கைப்பையில் 100 மில்லிலீட்டருக்கு மேல் விடமாட்டார்கள்.