பெட்டிக்கு அடியில் இருக்கும் நம்பரைச் சுரண்டிவிடலாமா?

கேள்வி: வக்கீல் சார், திருமங்கலத்தில் ஒரு லேப்பில் டெக்னீசியனாக இருக்கிறேன். பழைய மருத்துவக் கருவிகள் சேர்ப்பது என் பைத்தியம். 2022-ல் காரைக்குடிப் பக்கம் ஒரு பழைய சாமான் கடையில் பித்தளை மைக்ராஸ்கோப் ஒன்றை மரப்பெட்டியோடு 18,000 ரூபாய்க்கு வாங்கினேன். பில் கிடையாது, ஜிபேயில்தான் பணம் போட்டேன். பெட்டிக்கு அடியில் வெள்ளை பெயின்ட்டில் ஜி.எச். 14 என்று எழுதியிருக்கிறது. ஃபேஸ்புக்கில் நான் போட்ட போட்டோவைப் பார்த்துவிட்டு, ஓர் அரசு மருத்துவமனையில் காணாமல் போன பொருள் மாதிரி இருக்கிறது, ஸ்டேஷனுக்கு எடுத்துக்கொண்டு வா என்று போன வாரம் ஒரு ஏட்டு போனில் சொன்னார். இதற்கிடையே லண்டனில் ஒருவர் 60,000 தருகிறேன், கூரியரில் அனுப்பு என்கிறார். நம்பரைச் சுரண்டிவிட்டு அனுப்பிவிடு என்கிறார்கள் நண்பர்கள். நூறு வருஷம் தாண்டியதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்றும் ஒருவர் பயமுறுத்துகிறார். என்னிடம் ஆமை ஓட்டுப் பிடி போட்ட பழைய லான்செட் (டாக்டர்கள் தோலைக் கீறப் பயன்படுத்திய சின்னக் கத்தி) ஒன்றும் இருக்கிறது, அதையும் சேர்த்தே கேட்கிறார் லண்டன்காரர். என்ன செய்யலாம்?

பதில்: தம்பி, முதலில் அந்த உப்புத்தாளைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

இன்றைய தேதிக்கு நீங்கள் கடையில் காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கிய ஆள், அவ்வளவுதான். திருட்டுப் பொருள் வைத்திருந்த குற்றம், பழைய தண்டனைச் சட்டத்தில் 411-வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 317, எதுவானாலும் அது திருடிய பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கியிருக்க வேண்டும் அல்லது வைத்திருக்க வேண்டும். 'வைத்திருக்க' என்ற சொல்லைக் கவனியுங்கள். வாங்கும்போது உங்களுக்கு எதுவும் தெரியாது, சரி. ஏட்டு போன் செய்த பிறகு தெரியாது என்று சொல்ல முடியாது. அந்த போனுக்கு மறுநாள் நம்பர் சுரண்டப்பட்டிருந்தால், உங்கள் மனதில் என்ன இருந்தது என்பதற்கு அரசுத் தரப்பு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. தடயத்தை அழித்ததாக 238-வது பிரிவையும் சேர்த்துக்கொள்வார்கள்.

உங்கள் நண்பர்களுக்குத் தோன்றாத விஷயம் ஒன்று உண்டு. அந்த நம்பர் உங்களுக்கும் சாட்சி. அரசு மருத்துவமனைகளில் பழைய கருவிகளைக் கண்டம் பண்ணி, அதாவது இனி உதவாது என்று கழித்து, ஏலம் விடுவது காலங்காலமாக நடப்பதுதான். மொத்தமாக எடுக்கும் காயலான் கடைக்காரர் பித்தளை எடைக்குப் போடாமல் எடுத்து வைத்தவைதான் நம் ஊரில் சுற்றும் பெட்டிகளில் பல. கண்டம் பண்ணிய பட்டியலிலோ இருப்புப் பதிவேட்டிலோ 14 என்று ஒரு வரி இருந்து, அதற்கு நேரே ஏலத்தில் போனதாகவும் இருந்தால் உங்கள் கதை அங்கேயே முடிந்தது. சுரண்டிவிட்டால் அந்த வரியை எந்தப் பெட்டியோடு பொருத்திக் காட்டுவீர்கள்? ஆகவே இன்றே அந்த மருத்துவமனையின் பொதுத் தகவல் அலுவலருக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போடுங்கள், கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். "மைக்ராஸ்கோப் திருடு போனதா" என்று கேட்காதீர்கள், அதற்கு வழவழவென்று ஒரு பதில்தான் வரும். கண்டம் செய்த ஆணையின் நகல், ஏலப் பட்டியலின் நகல், 14-ம் எண் உள்ள பதிவேட்டுப் பக்கத்தின் நகல் என்று ஆவணமாகக் கேளுங்கள்.

போலீஸ் விஷயம். போக மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு தனியாகவும் போகாதீர்கள். எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள், வருகிறேன் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். வரும் தாளில் பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்தது) 179 என்று இருந்தால் உங்களைச் சாட்சியாகப் பார்க்கிறார்கள், 35(3) என்று இருந்தால் சந்தேகப்படும் ஆளாகப் பார்க்கிறார்கள். இரண்டாவது என்றால் வக்கீலோடு போங்கள். பொருளைக் கைப்பற்றினால் மகஜர், அதாவது எதைக் கைப்பற்றினார்கள் என்று எழுதும் தாள், அதன் நகல் வாங்காமல் நகராதீர்கள். அதில் "பித்தளைச் சாமான் ஒன்று" என்று எழுதுவார்கள், விடாதீர்கள்: தயாரித்த கம்பெனி பெயர், குழாயில் பொறித்த வரிசை எண், எத்தனை லென்ஸ், பெட்டி நம்பர் எல்லாம் ஏற வேண்டும். ஒரு வழக்கில் மூன்று லென்ஸோடு போன கருவி ஒரு லென்ஸோடு திரும்பியது, மகஜரில் எண்ணிக்கையே இல்லை, யாரைப் போய்க் கேட்பது?

கோர்ட் சொத்து அறைக்குள் போன பித்தளை பச்சை பூத்துத்தான் வரும். அதனால் வழக்கு முடியும்வரை என் பொறுப்பில் கொடுங்கள் என்று மாஜிஸ்திரேட்டிடம் மனு போடலாம், அதே பி.என்.எஸ்.எஸ்.-ல் பிரிவு 497 அல்லது 503. இப்படிப் பொருள்களை வீணாகக் குவித்து வைக்க வேண்டாம், போட்டோவும் பத்திரமும் எடுத்துக்கொண்டு கொடுக்கலாம் என்று சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது.

கசப்பான பகுதியையும் சொல்லிவிடுகிறேன். பொருள் நிஜமாகவே திருட்டு என்று ஆனால், நீங்கள் குற்றவாளி இல்லை என்றாலும் மைக்ராஸ்கோப் உங்களுக்கு இல்லை. விற்றவனுக்கே இல்லாத உரிமை வாங்கியவனுக்கு வராது, சரக்கு விற்பனைச் சட்டம் 27. உங்கள் 18,000-ஐக் கடைக்காரரிடம்தான் கேட்க வேண்டும். இப்போதே அவருக்கு வக்கீல் நோட்டீஸ் அனுப்பி வையுங்கள், காலவரையறை ஓடிக்கொண்டிருக்கிறது.

நூறு வருஷக் கதைக்கு வருவோம். 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டம் என்றாலே எல்லோருக்கும் சாமி சிலைதான் ஞாபகம் வருகிறது. ஆனால் அதன் விளக்கத்தில் அறிவியலைக் காட்டும் பழம்பொருளும் சேர்ந்தே இருக்கிறது, நூறு வருஷம் ஆகியிருந்தால் உங்கள் மைக்ராஸ்கோப்பும் தொல்பொருள்தான். அதற்காக வைத்திருப்பது குற்றமில்லை. கட்டாயப் பதிவு, அரசு அறிவித்த வகைகளுக்கு மட்டும். சிலை, ஓவியம், படம் வரைந்த சுவடி போன்றவை அதில் வரும், மைக்ராஸ்கோப் வராது. சொந்தச் சேகரிப்பிலிருந்து ஒன்றை உள்நாட்டில் ஒருவருக்கு விற்பது வேறு, மாதம் நாலு விற்பது வேறு; அது வியாபாரம், லைசென்ஸ் வேண்டும்.

லண்டனுக்கு? முடியாது. தொல்பொருளை மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த அமைப்போதான் வெளிநாட்டுக்கு அனுப்பலாம், தனியார் அனுப்பினால் குறைந்தது 6 மாதம், அதிகபட்சம் 3 வருஷம் சிறை. கூரியர் பாரத்தில் "பழைய பித்தளை" என்று எழுதினால் தப்பலாம் என்று யாராவது சொன்னால் அவரையே அனுப்பச் சொல்லுங்கள். நூறு வருஷம் ஆகவில்லை என்று நினைத்தால் வரிசை எண்ணை வைத்துத் தயாரிப்பு ஆண்டைக் கணித்து, தொல்லியல் துறையிடம் இது தொல்பொருள் இல்லை என்று சான்று வாங்கிய பிறகு யோசிக்கலாம். திருட்டுப் பஞ்சாயத்து முடியும்வரை அதுவும் வேண்டாம்.

உண்மையைச் சொன்னால், உங்கள் கடிதத்தில் என்னைத் திடுக்கிட வைத்தது அந்த லான்செட்தான். பழைய லான்செட்டுகளுக்கு அழுங்காமை என்ற கடலாமையின் ஓட்டில் பிடி போடுவது வழக்கம். அழுங்காமை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிற பிராணி. தண்டனை 3 முதல் 7 வருஷம், நூறு வருஷப் பழசு என்பது அங்கே சலுகை இல்லை. எருமைக் கொம்பாகவும் இருக்கலாம், பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி மஞ்சளும் பழுப்புமாக மினுங்கும். நெருப்பில் காட்டிப் பார்க்கிற வேலையெல்லாம் வேண்டாம். அதை விற்பதற்கோ போட்டோ போடுவதற்கோ முன்னால் ஒரு வக்கீலைக் கூட்டிக்கொண்டு மாவட்ட வன அலுவலரிடம் எழுத்தில் போங்கள்.

லண்டன்காரருக்கு இன்றே "விற்பனைக்கு இல்லை" என்று பதில் போடுங்கள். கடைக்காரரோடு பேசிய வாட்ஸ்அப்பையும் ஜிபே ரசீதையும் அழித்துவிடாதீர்கள், போனையும் இப்போதைக்கு மாற்ற வேண்டாம். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, கோர்ட்டில் அதோடு புதிய சாட்சியச் சட்டம் (பாரதிய சாக்ஷிய அதினியம்) 63-ன்படி ஒரு சான்றிதழ் கேட்பார்கள், அதற்கு அந்த போன் உங்கள் கையில் இருந்தாக வேண்டும்.