வாப்பா சொல்லும் எல்லைக் கதைகள்

கேள்வி: என் வாப்பா 1990க்குப் பிறகு ஊர்காவல் படையில் (ஊரைக் காக்க அரசாங்கம் துவக்குக் கொடுத்து நிறுத்திய ஊராட்கள்) இருந்தவர். வயல் பக்க எல்லையில் இராக்காவல். இப்போது அந்தக் கதைகளை என் மகனுக்கு (13 வயது) ஓயாமல் சொல்கிறார். மகன் செங்கலடியில் டியூஷனுக்குப் போன இடத்தில், "எங்கட மூத்தாப்பா துவக்கோட நிண்டு கன பேரைச் சுட்டவர்" என்று தமிழ்க் கூட்டாளியிடம் பெருமை பேசியிருக்கிறான். அந்தப் பிள்ளையின் மாமாவை 1990இல் வந்தாறுமூலை கம்பஸ் (கிழக்குப் பல்கலைக்கழக) அகதி முகாமில் பிடித்துப் போனார்கள், திரும்பி வரவில்லை. இப்போது அந்தத் தாய் என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. வாப்பாவைக் கதைக்க வேண்டாம் என்று சொல்லவா? அவர் இன்னும் நடுச்சாமத்தில் எழும்பி வேலியைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறார்.
— ஒரு சகோதரி, ஏறாவூர்

பதில்: சொல்லாதீர்கள், சகோதரி. நீங்கள் தடுத்தால் அவர் உங்களுக்குத் தெரியாமல் சொல்லுவார், அதுவும் துவக்குப் பகுதியை மட்டும். மகனிடம் இப்போதே பாதிக் கதைதான் இருக்கிறது. மிச்சப் பாதியைக் கேட்டு வாங்குங்கள்.

ஊர்காவல் படையில் இருந்தவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது ஷொட்கன். எதிரில் வரக்கூடியவர்களிடம் இருந்தது தானியங்கித் துப்பாக்கி. அப்படி எல்லையில் நின்ற பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். முதலில் வீரம்தான் வரும். கொஞ்சம் பொறுமையாக இருந்தால் ஆட்காட்டிக் குருவியைப் பற்றிச் சொல்லுவார்கள். இருட்டில், வயலுக்குள், அது கத்தினால் யாரோ நடக்கிறார்கள் என்று அர்த்தம். மாடாக இருக்கலாம், நரியாக இருக்கலாம், ஆளாகவும் இருக்கலாம். தோட்டாவை எண்ணிக்கொண்டு விடியும் வரை காத்திருப்பார்கள். உங்கள் வாப்பா சுட்டது மனிதரையா, சத்தத்தையா? இதை மகன் இருக்கும்போதே, குற்றம் பிடிக்கும் குரல் இல்லாமல் கேளுங்கள். கண்ணால் கண்டது எது, ஊரார் சொல்லக் கேட்டது எது என்றும் பிரித்துச் சொல்லச் சொல்லுங்கள். போனில் பதிந்து வையுங்கள். மனிதரைத்தான் சுட்டேன் என்று அவர் சொன்னால், அதையும் பையன் கேட்கட்டும். பெருமையாகச் சொன்ன அதே வாயால், அதன் பாரத்தோடு கேட்கட்டும்.

அப்புறம், அந்த 1990ஆம் வருடத்தை முழுதாகச் சொல்லுங்கள். ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்களைப் புலிகள் சுட்டார்கள். 11ஆம் திகதி இரவு உங்கள் ஏறாவூரில் முஸ்லிம்களைக் கொன்றார்கள். அடுத்த நாள் அம்பாறை மாவட்டத்து வீரமுனையில், கோவிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில் இராணுவம் 158 பேரைக் கொண்டுபோனது. 9ஆம் திகதி சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். இவ்வளவும் ஆறு வாரத்துக்குள். வாப்பா துவக்கெடுத்த காரணமும், அந்தத் தாய் தமையனைப் பறிகொடுத்ததும் இந்த ஆறு வாரத்துக்குள்தான் கிடக்கின்றன. இரண்டும் தெரிந்த பிள்ளை டியூஷனில் அப்படிப் பேச மாட்டான்.

எண்பதுகளுக்கு முந்திய கதையையும் விட்டுவிட வேண்டாம். யாருடைய காணியை யார் செய்தார்கள், வட்டவிதானை (வயலையும் தண்ணீரையும் மேற்பார்க்கிறவர்) யார், அறுவடைக்கு யார் வந்து நின்றார்கள் என்று கேளுங்கள். தாய் வழியாக வரும் குடி வழி பார்ப்பது நம் இரு சமூகத்துக்கும் பொதுவாக இருக்கிற மண் இது. பின்னாளில் காவல் போட்ட அதே வரம்பில்தான் வாப்பா சின்ன வயதில் நடந்து திரிந்திருப்பார்.

இவை முடிந்துபோன விஷயங்கள் என்று மகனிடம் சொல்ல முடியாது. கல்முனையில் தமிழர்கள் தங்களுக்கென்று கேட்கும் வடக்குப் பிரதேச செயலகத்தைத் தரமுயர்த்தச் சொல்லி 2019 ஜூனில் உண்ணாவிரதமே இருந்தார்கள். எல்லை பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் இந்தப் பழைய கதைகளும் எழும்பும். அதனால்தான் உங்கள் வீட்டில் உள்ள கதை சரியாக இருக்க வேண்டும் என்று இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வாப்பா இரவில் எழும்புவதை வயதுக் கோளாறு என்று விட்டுவிடாதீர்கள். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நித்திரை வருவதில்லை என்று சொல்லிக் கூட்டிப் போங்கள், வருவார்.

சரி, அந்தத் தாய். நீங்கள் தனியாகப் போங்கள். மகனை இழுத்துப் போய் மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டாம். அவனுக்கு அது தண்டனையாகத்தான் படும். வாப்பாவுக்காக வாதாடவும் வேண்டாம். "என்ட மகன் சொன்னது என் காதுக்கு வந்தது, உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று விளங்குது" என்று மட்டும் சொல்லுங்கள். அவர் தமையனைப் பற்றிப் பேசத் தொடங்கினால் கடைசி வரை கேளுங்கள். காத்தான்குடி, ஏறாவூர் என்று நடுவில் எடுக்காதீர்கள். உங்கள் பக்கத்து இழப்பும் உண்மைதான், ஆனால் அன்றைக்கு அவருடைய முறை. பதிலே சொல்லாமல் அனுப்பினாலும் கோபிக்காமல் வாருங்கள், ஒரு மாதம் கழித்து இன்னொரு தரம் போங்கள்.

பெருநாள் வரும் வரை காத்திருக்கவும் வேண்டாம். வட்டிலப்பத் தட்டோடு போனால் கதை தட்டைப் பற்றியே முடிந்துவிடும். இந்த வாரமே, வெறுங்கையோடு போங்கள்.