அந்த அறையிலேயே கையெழுத்திட்டுவிடாதீர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

ஜெர்மனியில், மியூனிக்கில் ஒரு பெரிய நிறுவனத்தில் சேர்ந்து நான்கு மாதங்களே ஆகின்றன என்றும், துறைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் இழிவாகப் பேசுகிறார் என்றும், அவருக்கு மேலே இருப்பவர்களும் அதே போக்கினர் என்பதால் விசாவை நினைத்து வாய் திறக்க அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். வீட்டு வாடகை, வரி வகுப்பு, இந்திய மளிகைக் கடை ஆகியவற்றையும் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை உடன் வேலை செய்யும் யாரிடம் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். விசாவை நினைத்து அஞ்சுகிறீர்களே, அதைப் பற்றித்தான் நான் எழுத வேண்டும்.

நான் 2010இல் ஸ்டுட்கார்ட்டுக்கு வந்தேன். எங்கள் பிரிவுத் தலைவர் இரவு ஒன்பது மணிக்கு அறிக்கையைத் திருப்பி அனுப்பிக் காலை எட்டு மணிக்குப் புதிதாகக் கேட்பார். உங்கள் ஊரில் பொறியியல் இப்படித்தான் படிப்பீர்களா என்று கூட்டத்தில் கேட்பார். சுற்றி இருந்தவர்கள் மேசையையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். 2013இல் ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் அவரும் மனிதவளத் துறை அதிகாரியும் என்னை அழைத்து, இன்றே கையெழுத்திட்டால் மூன்று மாதச் சம்பளம், இல்லையென்றால் பணிநீக்கம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். பணிநீக்கம் என்றால் மறுநாளே நாட்டை விட்டுப் போக வேண்டும் என்று எண்ணிக் கையெழுத்திட்டேன்.

அந்தத் தாளுக்கு இங்கே அவுஃப்ஹேபுங்ஸ்ஃபெர்ட்ராக் என்று பெயர். இருவரும் ஒப்புக்கொண்டு வேலையை முடித்துக்கொள்ளும் உடன்படிக்கை அது. நானே விரும்பி விலகியதாக எடுத்துக்கொண்டு, வேலைவாய்ப்பு அலுவலகம் பன்னிரண்டு வாரங்களுக்கு வேலை இழந்தோருக்கான உதவித்தொகையை நிறுத்திவைத்தது. பணிநீக்கம் செய்திருந்தால் மூன்று வாரங்களுக்குள் தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். அந்த வழியையும் என் கையாலேயே அடைத்துவிட்டேன். பணிநீக்கக் கடிதம் தாளில், மையால் இட்ட கையெழுத்துடன் வர வேண்டும். மின்னஞ்சலில் வந்தால் செல்லாது. உயர்கல்வி பெற்ற வெளிநாட்டுப் பணியாளர்களுக்கான வதிவிட அனுமதியான ப்ளூ கார்டும் வேலை போன மறுநாளே போய்விடாது. வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு இரண்டு வாரங்களுக்குள் தெரிவித்துவிட்டு வேறு வேலை தேடலாம்.

ஆனால் உங்களுக்கு இன்னும் ஆறு மாதம் நிறையவில்லை என்பதை மறக்காதீர்கள். பணிநீக்கப் பாதுகாப்புச் சட்டம் ஆறு மாதங்களுக்குப் பிறகே துணை நிற்கும். தகுதிகாண் காலத்தில் இரண்டு வார அறிவிப்புடன் காரணம் கூறாமலே அனுப்பிவிட முடியும். ஆகவே இந்த இரண்டு மாதங்கள் மோதலைத் தவிர்த்து, நடப்பதை எல்லாம் நாள், நேரம், உடனிருந்தவர், சொன்ன சொல் என்று உங்கள் சொந்த நோட்டில் எழுதி வையுங்கள். நிறுவனத்தின் மடிக்கணினியில் வேண்டாம். கைப்பேசியில் ரகசியமாக ஒலிப்பதிவும் செய்யாதீர்கள். இந்த நாட்டில் அது குற்றம். அவர் மீது நிற்க வேண்டிய பழி உங்கள் மீது திரும்பிவிடும்.

நம்மவர்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ப்ளூ கார்டு கையில் இருக்கிறது, கொஞ்சம் பொறுத்துப் போ என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் அனைவரும் நம் நாட்டவரே. நான் மனம்விட்டுச் சொன்னதைத் தலைவரின் காதில் போட்டவரும் அவர்களில் ஒருவர்தான். எட்டாண்டுகள் இங்கே இருந்தும் ஜெர்மன் கற்காமல், அதனாலேயே ஒரே மேலதிகாரியின் தயவில் வாழ்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஜெர்மன் மொழித் தேர்வில் பி1 என்னும் இடைநிலையில் தேறினால் ப்ளூ கார்டுக்காரருக்கு நிரந்தர வதிவிட உரிமை 27 மாதங்களுக்குப் பதிலாக 21 மாதங்களில் கிடைக்கிறது. அது கைக்கு வந்தால் வேலையை விடும் முடிவு உங்களுடையதாகிவிடும்.

வேலை முடிந்து மாலை வகுப்புகளுக்குப் போய் நான் பி2 வரை படித்தேன். 2017இல் அடுத்த நிறுவனத்திலும் அதே குணமுடைய ஒருவர் தலைவராக வந்தபோது, முதல் வாரத்திலேயே பெட்ரீப்ஸ்ராட் எனப்படும் பணியாளர் மன்றத்தின் கதவைத் தட்டினேன். அது பட்டறைத் தொழிலாளர்களுக்கு மட்டுமான சங்கம் என்று நம் பொறியாளர்கள் பலர் நினைக்கிறார்கள். உயர் நிர்வாகிகளைத் தவிர எவரைப் பணிநீக்கம் செய்வதானாலும் நிர்வாகம் முன்கூட்டியே அந்த மன்றத்தின் கருத்தைக் கேட்டாக வேண்டும். அங்கிருந்த வயதான பெண்மணி காபி ஊற்றிக் கொடுத்துவிட்டு, என் நோட்டுப் புத்தகத்தை ஒரு பக்கமும் விடாமல் படித்தார். என் ஜெர்மன் இடறிய இடங்களில் அவசரப்படுத்தாமல் காத்திருந்தார். அடுத்த முறை அவர்கள் அழைக்கும்போது தனியாகப் போகாதீர்கள், நானும் வருகிறேன் என்றார். சொன்னபடியே வந்து என் அருகில் அமர்ந்தார். மனிதவளத் துறை அதிகாரி கொண்டுவந்திருந்த கோப்பு அந்தக் கூட்டம் முடியும் வரை திறக்கப்படவே இல்லை.