மணி ஒண்ணு, நிறம் ரெண்டா?

கேள்வி: வீட்டுலயே கேஸ் டார்ச் தீயில கண்ணாடியை உருக்கி மணி செய்றேன் சார். போன வாரம் ஊதா மணி ஒரு செட் அனுப்பினேன், வாங்கினவங்க "போட்டோல ஊதா, கைக்கு வந்தது நீலம், ஏமாத்திட்டீங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஃபில்டர் எதுவும் போடல, எங்க தப்பு?
- வாசகி, மயிலாடுதுறை

பதில்: நீங்க ஏமாத்தலம்மா, மனசு விட்டுடாதீங்க. நீங்க வாங்கின கண்ணாடி ராடு நியோடிமியம்ங்கிற உலோகச் சேர்மம் கலந்ததா இருக்கும், அது வெயில்ல ஊதாவா தெரியும், டியூப்லைட்டுக்கு அடியில போனா நீலமா மாறிடும், அது அந்த கண்ணாடியோட குணம். டார்ச் முன்னாடி உக்காரும்போது மஞ்சள் வெளிச்சத்தை மறைக்க டிடிமியம்னு ஒரு மூக்குக்கண்ணாடி போடுறோம்ல, அதுலயும் இதே சரக்குதான், அதை ராத்திரி டியூப்லைட்டுல ஒருதரம் பாருங்க, புரிஞ்சிடும். அதனால ரெண்டு போட்டோ போடுங்க, திண்ணை நிழல்ல ஒண்ணு, டியூப்லைட்டுல ஒண்ணு, எது எதுன்னு எழுதிடுங்க.

போன் கேமரா நிறத்தை தானா மாத்தும், அதனால பக்கத்துல ஒரு வெள்ளை பேப்பர் வைங்க, பேப்பர் மஞ்சளா தெரிஞ்சா மணி நிறமும் பொய்தான். நம்ம பக்கம் ஐப்பசி மூடம் போட்ட காலை வெளிச்சம் இதுக்கு அவ்வளவு நல்லா இருக்கும், சுள்ளுனு வெயில் அடிச்சா ஜன்னல்ல ஒரு வெள்ளை வேட்டியை கட்டிட்டு எடுங்க.

இன்னொண்ணு, இதுல நான் ரொம்ப கண்டிப்பு. மணிக்கு பின்னால வெளிச்சம் வச்சு எடுத்தா அடர் நீலம்கூட தீபம் மாதிரி ஜொலிக்கும், ஆனா கழுத்துல போட்டா அதே மணி கருப்பாத்தான் தெரியும், கைமேல வச்சு ஒரு படம் கட்டாயம் எடுங்க. கிட்டத்துல எடுத்தா எட்டு மில்லிமீட்டர் மணி நெல்லிக்காய் சைஸுல தெரியும், ஸ்கேலும் சேர்ந்து விழட்டும். முக்கியமா துளை. ரெண்டு முனையும் உள்பக்கம் குழிஞ்சு வழவழன்னு இருக்கணும், கூரா நின்னா நூலை அறுத்துடும், துளைக்குள்ள, மணியை சுத்துற கம்பியில பூசின களிமண் சாம்பல் கலர்ல ஒட்டியிருந்தா அதையும் சுத்தமா எடுத்துடுங்க. அந்த முனையை காட்டாத போட்டோவ பார்த்தா நான் மணி வாங்க மாட்டேன்.

கேள்வி: செஞ்சு ரெண்டு நாள் கழிச்சு மணி தானா விரிசல் விடுது, ஏன்?
- வாசகர், பாபநாசம்

பதில்: வெளிப்பக்கம் சீக்கிரம் ஆறுது, உள்ள சூடு நிக்குது, அந்த இழுவைதான் பின்னால விரிசலா வருது. சாதா சோடா கண்ணாடின்னா சூளையில 510 டிகிரி செல்சியஸ் பக்கம் பிடிச்சு வச்சு மெதுவா இறக்குங்க, மூடியை அவசரப்பட்டு திறக்காதீங்க. வெப்பப் போர்வையில சுத்தி வைக்கிறது ஆறுறத தாமதப்படுத்தும், அவ்வளவுதான், சூளைக்கு ஈடு ஆகாது. போரோசிலிகேட்ங்கிற சூடு தாங்குற கண்ணாடி ராடையும் சோடா ராடையும் ஒரே மணியில கலந்தீங்களா? ரெண்டும் ஒரே அளவு சுருங்காது, அது எப்படி ஆத்தினாலும் விரிசல் விடும்.

கேள்வி: பூம்புகார் வர்ற டூரிஸ்ட்டுகிட்ட "பழைய தமிழர் முறையில செஞ்ச மணி"ன்னு விக்கலாமா?
- வாசகர், சீர்காழி

பதில்: வேணாம் தம்பி. அரிக்கமேட்டுல பேர்போன சின்ன மணியெல்லாம் கண்ணாடியை நீளக் குழாயா இழுத்து துண்டு துண்டா வெட்டினது, நம்மளது கம்பியில சுத்தினது. லென்ஸ் வச்சு பாருங்க, இழுத்த மணியில குமிழி துளையோட நீளவாக்குல நிக்கும், சுத்தினதுல துளையை சுத்தி வளைஞ்சு ஓடும், விவரம் தெரிஞ்சவங்க ஒரு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாங்க. "சீர்காழியில கையால சுத்தினது"ன்னு எழுதுங்க, குமிழி தெரியுற மாதிரி ஒரு க்ளோஸப்பும் போடுங்க.