ஸ்பீச் தெரபியில் எம்.எஸ்ஸி.: கேட்டவையும் என் பதில்களும்

எம்.எஸ்ஸி. ஸ்பீச் லாங்குவேஜ் பேத்தாலஜி (சுருக்கமாக எஸ்.எல்.பி.; பேச்சு, மொழி, விழுங்குதல் கோளாறுகளுக்குச் சிகிச்சை தரும் துறை) படிக்கலாமா என்று கேட்டு வந்த கேள்விகளில் அடிக்கடி வருபவற்றை எடுத்துக்கொண்டேன். நான் படித்து முடித்துப் பத்து வருடம் ஆகிறது. இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை, மாலையில் சொந்த கிளினிக். என் அபிப்பிராயங்களும் உள்ளே கலந்திருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவையிலிருந்து ஒருவர்: பி.எஸ்ஸி. சைக்காலஜி முடித்தேன். நேராக எம்.எஸ்ஸி. எஸ்.எல்.பி. சேரலாமா?

இந்தியாவில் முடியாது. பி.ஏ.எஸ்.எல்.பி. (செவித்திறன், பேச்சு இரண்டையும் சேர்த்துப் படிக்கும் இளங்கலை) அல்லது பழைய பி.எஸ்ஸி. ஸ்பீச் அண்ட் ஹியரிங் வேண்டும். பி.ஏ.எஸ்.எல்.பி. இன்டர்ன்ஷிப்போடு சேர்த்து நான்கு வருடம், அதன் மேல் எம்.எஸ்ஸி. இரண்டு வருடம். 1992-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் (ஆர்.சி.ஐ.) பதிவு எண் இல்லாமல் இங்கே தொழில் செய்யக் கூடாது. "ஆறு மாத டிப்ளமோ போதும்" என்று யாராவது விளம்பரம் செய்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

வெளிநாட்டில் கதை வேறு. சிட்னி, மெல்போர்ன் பல்கலைக்கழகங்களில் வேறு பட்டம் பெற்றவர்களுக்கும் இரண்டு வருட முதுகலை இருக்கிறது. சில இடங்களில் உடற்கூறியல் போன்ற பாடங்களை முன்பே படித்திருக்கச் சொல்லலாம். கட்டணத்தைப் பார்த்துவிட்டு வீட்டில் பேசுங்கள்.

மதுரையிலிருந்து ஒரு பி.ஏ.எஸ்.எல்.பி. மாணவி: மைசூரு என்ட்ரன்ஸுக்கு எப்படிப் படிப்பது, அக்கா?

மைசூரு அய்ஷ் (அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனம்) 1965-ல் தொடங்கியது, இந்தத் துறைக்கே தாய்வீடு மாதிரி. அதனால் போட்டியும் அதிகம். முதுகலைப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு அலையாதே. பி.ஏ.எஸ்.எல்.பி. முதல் இரண்டு வருடப் பாடங்கள்தான் அடித்தளம்: குரல்வளைத் தசைகள், மண்டை நரம்புகள், ஒலியியல். அங்கே கிடைக்கவில்லை என்றால் உலகம் முடிந்துவிடாது. சென்னையில் ஸ்ரீராமச்சந்திரா, மெர்ஃப் என்ற கல்வி நிறுவனங்கள் இருக்கின்றன. எந்தக் கல்லூரியானாலும், நீ சேரும் வருடத்துக்கு ஆர்.சி.ஐ. அங்கீகாரம் நடப்பில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டு.

அதே மாணவி: ஆடியாலஜியா, எஸ்.எல்.பி.யா?

கருவி, எண், கிராஃப் பிடித்தால் ஆடியாலஜி, அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கும் துறை. ஒரே குழந்தையோடு ஒரே சொல்லுக்காக மூன்று மாதம் உட்காரப் பொறுமை இருந்தால் எஸ்.எல்.பி. சம்பளத்தை வைத்து மட்டும் முடிவு செய்யாதே.

திருநெல்வேலியிலிருந்து ஒரு தம்பி: எனக்கே திக்கும். வைவாவில் (வாய்மொழித் தேர்வில்), பேஷன்ட் முன்னால் என்ன செய்வேன்? இந்தப் படிப்பு எனக்கு ஒத்துவருமா?

தாராளமாக. திக்குவாய் சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சார்லஸ் வான் ரைப்பருக்கே திக்கும். 1936-ல் மிச்சிகனில் கிளினிக் தொடங்கியவர். அயோவாவில் திக்குவாயை ஆராய்ந்த வெண்டல் ஜான்சனுக்கும் திக்கும். எங்கள் செட்டில் திக்குகிற ஒரு பையன் இருந்தான். தேர்வாளர் கேள்வி கேட்டதும் "சார், எனக்குத் திக்கும், கொஞ்சம் நேரம் கொடுங்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுவான். அப்புறம் யாரும் அவசரப்படுத்தவில்லை. பெரியவர்களுக்கான திக்குவாய் தெரபியில் நாங்கள் சொல்லிக்கொடுக்கிற முதல் சில விஷயங்களில் அதுவும் ஒன்று, தம்பி. உங்களுக்கு அது ஏற்கெனவே கைவந்தால் நல்லது.

திருச்சியிலிருந்து ஒருவர்: தியரி பயமில்லை. கிளினிக் போஸ்டிங் என்றால்தான் உதறுகிறது.

உதறத்தான் வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தெரியும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சூப்பர்வைசர் உட்கார்ந்திருப்பார். அவர் தெரிய மாட்டார், பேனா ஓடுகிற சத்தம் மட்டும் கேட்பது போலவே இருக்கும்.

நான் தடுமாறியது வேறு இடத்தில். மூன்றரை வயதுப் பையன், காக்காய் படத்தைக் காட்டினால் "தாத்தா" என்றான். அம்மா சிரிக்கிறார், கூட வந்த தாத்தாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. பின்நாக்கில் பிறக்கும் 'க'வை முன்னால் தள்ளி 'த' ஆக்குகிறான், அவ்வளவுதான். பாடப்புத்தகத்தில் உள்ளதே. ஆனால் புத்தகத்தில் ஆங்கிலக் குழந்தை 'கார்' என்பதை 'டார்' என்று சொல்லும். நம் குழந்தை 'ட' பக்கம் போகாமல் பல்லைத் தொடும் 'த'வுக்குப் போகிறது. நான் ஏட்டில் 'ட' என்று எழுதிவைத்தேன். சூப்பர்வைசர் என்னை வெளியே கூப்பிட்டு, "புத்தகத்தைக் கேட்டியா, பையனைக் கேட்டியா?" என்றார்.

இந்த இரண்டு வருடத்தில் பழக வேண்டியது இந்தக் காதுதான். சொல்லின் கடைசி மெய்யைக் குழந்தை விடுகிறதா என்று ஆங்கிலச் சோதனைகளில் ஒரு பகுதி வரும். நம் சொற்கள் க், ச், ட், த், ப், ற் என்ற வல்லின மெய்யில் முடிவதே இல்லை. 'பஸ்' என்பதைப் 'பஸ்ஸு' என்று சொல்லித்தான் பெரியவர்களே பழக்குகிறோம். அந்தப் பட்டியலை அப்படியே தமிழுக்கு வைத்தால் இல்லாத குறையைக் கண்டுபிடிப்போம். 'வாழைப்பழம்' 'வாளப்பளம்' ஆவதும் அப்படித்தான். வீடு முழுக்க அப்படிப் பேசினால் அது வட்டார வழக்கு, அதற்கு தெரபி கிடையாது. அப்பா எவ்வளவு கோபித்துக்கொண்டாலும் சரி.

டிசர்டேஷனுக்கு (ஆய்வேட்டுக்கு) தலைப்புத் தேடுகிறவர்கள் இங்கேதான் தோண்ட வேண்டும்.

சென்னையிலிருந்து ஒரு அப்பா: பேச்சுப் பழக்கிவிடும் டீச்சர் வேலைக்கு என் மகள் இத்தனை வருடம் படிக்க வேண்டுமா?

சார், பக்கவாதம் வந்தவர் சோறு விழுங்கலாமா கூடாதா என்று சொல்வதும் நாங்கள்தான். வார்டில் ஆரம்பத்தில் செய்யும் எளிய சோதனைகளில் ஒன்று: 90 மில்லி தண்ணீரை நிறுத்தாமல் குடிக்கச் சொல்வோம். இருமினாலோ, குடித்தபின் குரல் களகளத்தாலோ வாய்வழி உணவை நிறுத்தி மேற்கொண்டு பார்ப்போம். புரையேறினால்கூடப் பரவாயில்லை, உடம்பு எச்சரிக்கிறது என்று அர்த்தம். புரையே ஏறாமல் சத்தமில்லாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்குகிறதே, அதுதான் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். அதைப் பிடிக்க, பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோவில் பார்க்க வேண்டும். அந்தப் படத்தைப் படிக்கும் பயிற்சியை நான் பெற்றது எம்.எஸ்ஸி.யில்தான்.

டீச்சர் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் இல்லை. எங்கள் தெருவிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

வேலூரிலிருந்து ஒருவர்: இங்கே எம்.எஸ்ஸி. முடித்து அமெரிக்கா போனால் அப்படியே ஏற்றுக்கொள்வார்களா?

அப்படியே இல்லை. உங்கள் படிப்பு அங்கத்திய முதுகலைக்குச் சமம் என்று முதலில் மதிப்பீடு வாங்க வேண்டும். ஆஷா (அமெரிக்கப் பேச்சு, மொழி, செவித்திறன் சங்கம்) சான்றிதழுக்கு 400 மணி நேர கிளினிக் அனுபவம் கேட்பார்கள்: 25 மணி பார்வையாளராக, 375 மணி நேரடியாக. அப்புறம் ப்ராக்ஸிஸ் என்ற தொழில் அறிவுத் தேர்வு. பட்டத்துக்குப் பின் குறைந்தது 36 வாரம், 1,260 மணி நேர ஃபெல்லோஷிப், அதாவது மேற்பார்வையின் கீழ் வேலை. மாநில லைசென்ஸ் தனி. அதனால் முதல் செமஸ்டரிலிருந்தே ஒவ்வொரு கேஸையும் தேதி, மணி, கோளாறின் வகை போட்டு எழுதி சூப்பர்வைசரிடம் கையெழுத்து வாங்கி வையுங்கள். என் தோழி ஒருத்தி இதைச் செய்யாமல், ஐந்து வருடம் கழித்து ஓய்வுபெற்ற சூப்பர்வைசரின் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

விழுப்புரத்திலிருந்து ஒரு தங்கை: சீட் கிடைத்துவிட்டது! முதல் செமஸ்டருக்கு என்னென்ன வாங்க வேண்டும்?

வாழ்த்துகள் ம்மா. டார்ச், ஸ்டாப்வாட்ச், கையுறை, நாக்கை அழுத்தும் மரக்குச்சி ஒரு பாக்கெட், சோப்புக் குமிழி ஊதும் பாட்டில். குரலை அலசிப் பார்க்கும் ப்ராட் மென்பொருள் இலவசம், இன்றே இறக்கிப் பழகு. ஆங்கிலப் படக்கார்டு செட்டுக்குக் காசு கொட்டாதே. அதில் டோஸ்டரும் தபால் பெட்டியும் இருக்கும், அம்மிக்கல் இருக்காது. சந்தைக்குப் போய் சொப்புச் சாமான் வாங்கு. இரண்டு செட்டாக வாங்கு. ஒன்று முதல் மாதத்திலேயே ஏதாவது ஒரு குழந்தையோடு வீட்டுக்குப் போய்விடும்.