ரிஜெக்ட் செய்தால் ஆர்டர் நின்றுவிடுமா?

கேள்வி: மதுரை மாட்டுத்தாவணிப் பக்கம் பைக்கில் உணவு டெலிவரி செய்கிறேன். தூரம் கட்டுப்படியாகாமல் மூன்று ஆர்டரை ரிஜெக்ட் செய்தேன். அதிலிருந்து ஆர்டர் சரியாக விழவில்லை. ஐடியை பிளாக் செய்துவிடுவார்களா?

பதில்: ரிஜெக்ட்தான் காரணம் என்று உடனே முடிவு கட்டாதீர்கள். முதலில் கையிலுள்ள கேஷைப் பாருங்கள். வசூலித்த ரொக்கம் வரம்பைத் தாண்டினால், அதைக் கட்டும்வரை பல ஆப்களில் ஆர்டர் வராது. அடுத்தது போன். பேட்டரி சேமிப்பு, பின்னணியில் ஓடும் ஆப்பை முடக்கிவிடும். நீங்கள் நிற்குமிடம் சர்வருக்குப் போகாது. செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாட்டை நீக்கி, லொகேஷனை ‘எப்போதும்’ என்று வையுங்கள்.

இரண்டும் சரியென்றால் ஏற்பு விகிதத்தை, அதாவது வந்த ஆர்டரில் எத்தனை சதவீதம் எடுத்தீர்கள் என்பதைச் சந்தேகிக்கலாம். வாரத்தில் 10 வந்து 3 மறுத்தால் 70 சதவீதம். 60 வந்து 3 மறுத்தால் 95. ஆகவே ஆர்டர் குறைவான வாரத்தில் மறுப்பதுதான் அதிகம் அடிக்கும். இன்சென்டிவ் விதியில் எத்தனை சதவீதம் கேட்கிறார்கள் என்று படித்துவிட்டு மறுங்கள்.

எதை மறுப்பது? பெட்ரோல் 100 ரூபாய், மைலேஜ் 45 என்று வைத்தால் கிலோமீட்டருக்கு 2.20 ரூபாய்க்கு மேல். கடைக்குப் போக 2, கொடுக்க 4, வெறுங்கையோடு திரும்ப 4 கிலோமீட்டர் என்றால் பெட்ரோலே 22 ரூபாய். 35 ரூபாய் ஆர்டரில் மிச்சம் 13, அதிலும் டயர், ஆயில் கணக்கில் வரவில்லை. வைகையில் தண்ணீர் வந்து யானைக்கல் தரைப்பாலத்தை மூடினால், சிம்மக்கல்லிலிருந்து செல்லூர் போவதே சுற்றுதான். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளும் அப்படியே. அப்போது ஓடோமீட்டரைத் தொடக்கத்திலும் முடிவிலும் படமெடுத்து, ஆர்டர் எண்ணோடு புகார் போடுங்கள். ‘தூரம் தப்பு’ என்று மட்டும் எழுதினால் யாரும் பார்க்கமாட்டார்கள்.

பிளாக் பெரும்பாலும் செல்ஃபி பொருந்தாததாலும், ஐடியை வேறொருவருக்குக் கொடுப்பதாலும், ‘உணவு வரவில்லை’ என்ற புகார்களாலும் வருகிறது. ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு செல்ஃபி எடுங்கள். பிளாக் ஆனபின் ஆப்பே திறக்காமல் போகலாம், ஆதாரமும் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அதனால் வாராந்தரப் பேஅவுட், ரேட்டிங் ஸ்கிரீன்ஷாட்டை வாராவாரம் வெளியே எடுத்து வையுங்கள். ஆப் வழியாக வேலை செய்யும் கிக் தொழிலாளர்களுக்கான கர்நாடகத்தின் 2025 சட்டம், நீக்குமுன் எழுத்துப்பூர்வக் காரணமும் 14 நாள் முன்னறிவிப்பும் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2023 டிசம்பரில் அமைந்த கிக் தொழிலாளர் நலவாரியம் உதவித்தொகைக்கானது, பிளாக்கை நீக்கித் தராது. ஆனாலும் பதிவு செய்துவிடுங்கள்: 2025-26 பட்ஜெட்டில் 2,000 பேருக்கு அறிவித்த 20,000 ரூபாய் மின் ஸ்கூட்டர் மானியம்கூட வாரியத்தில் பதிந்தவர்களுக்குத்தான்.